இயற்பியல் எங்கே முட்டுகிறது? அறிகுறியைப் பார்த்துக் கணக்குப் பாட வரிசையைச் சரிசெய்யும் வழி

மூன்றாம் ஆண்டு பி.எஸ்சி. இயற்பியல் படிக்கும் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணா, குவாண்டம் சுத்தமா ஏறல. கால்குலஸை முதல்ல இருந்து ஆரம்பிக்கட்டுமா?" வேண்டாம் என்றேன். வகையிடலும் தொகையிடலும் அவனுக்கு ஓரளவு வரும். முதலாண்டு அல்லைடு (துணைப்பாட) கணிதத்தில் அணிக்கு ஐகன் மதிப்பு (அணி ஒரு வெக்டரின் திசையை மாற்றாமல் அதை எத்தனை மடங்காக்குகிறதோ அந்த எண்) கண்டுபிடித்துப் பத்து மார்க் வாங்கியவன்தான். ஆனால் அந்த ஐகன் மதிப்புதான் குவாண்டத்தில் வருகிற ஐகன் மதிப்பும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. நடுவில் இரண்டு வருடம் ஓடிப்போயிருந்தது.

கூரை ஒழுகினால் எந்த ஓடு உடைந்தது என்று பார்த்து அதை மாற்றுவோம், அஸ்திவாரத்தைத் தோண்ட மாட்டோம். இதிலும் அப்படித்தான். முட்டிய இடத்திலிருந்து ஒரே ஒரு படி பின்னால் போங்கள், தேவையான துண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், உடனே திரும்பி வாருங்கள். கீழே இருப்பவை நான் அடிக்கடி பார்க்கிற அறிகுறிகள். உங்களுடையது எதுவோ அதற்கு நேராகப் போய்விடலாம். முதல் சோதனையை மட்டும் எல்லோரும் செய்துவிடுங்கள்.

முதலில், இது வரிசைக் கோளாறுதானா?

உங்களுக்கு வராத பாடத்திலிருந்து பத்துக் கணக்குகளை எடுங்கள். விடையைப் பார்க்காமல் போட்டுப் பார்த்து, முதன்முதலில் நின்ற வரியைக் குறியுங்கள். என்ன விசை செயல்படுகிறது, எதை மாறிலியாக எடுப்பது, எந்த விதி இங்கே பொருந்தும் என்பதில் நின்றால் பக்கத்தில் 'இ' என்று எழுதுங்கள். சமன்பாடு எழுதியாகிவிட்டது, அப்புறம் நகரவில்லை என்றால் 'க'.

'இ' அதிகம் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவாது. எத்தனை கணிதப் பாடம் படித்தாலும் அது சரியாகாது, அதே இயற்பியலில் இன்னும் நாற்பது கணக்கு போட வேண்டும். 'க' அதிகம், ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி (மைனஸ் குறி விட்டது, பின்னத்தைத் தப்பாகச் சுருக்கியது) என்றால் அது கைப்பழக்கம் போதாமை. 'க' அதிகமாக இருந்து, எல்லாம் ஒரே மாதிரி இடத்தில் நிற்கிறது என்றால்தான் வரிசைக் கோளாறு. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் நான் ஒரு முழு வருடத்தைக் கணிதப் புத்தகங்களோடு கழித்தேன். என்னுடையது 'இ' என்று பிறகுதான் தெரிந்தது.

அறிகுறி: மின்காந்தவியலில் தலைகீழ் முக்கோணம் வந்ததும் கண் இருட்டுகிறது

இதுதான் அதிகம் பேருக்கு வருவது. கூலும் விதி வரை நன்றாகப் போகும். காஸ் விதியின் தொகையீட்டு வடிவம்கூட ஒப்புக்கொள்ளும்படி இருக்கும். அப்புறம் 'டெல்' (∇) குறி வந்ததும் பக்கங்கள் வெறும் எழுத்துக்கூட்டமாகிவிடும்.

வேடிக்கை என்னவென்றால், இவர்களில் பலர் வெக்டர் கால்குலஸில் பரீட்சை எழுதித் தேறியவர்கள். "கனசதுரத்துக்கு காஸ் தேற்றத்தைச் சரிபார்க்க" என்ற பத்து மார்க் கேள்வி நம் ஊர்க் கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாக வருகிறது. ஆறு முகங்களுக்கும் தனித்தனியாகத் தொகையிட்டு, கூட்டி, மறுபக்கம் கன அளவுத் தொகையீட்டோடு சமன் என்று காட்டி 'நிரூபிக்கப்பட்டது' என்று எழுதிவிட்டு வருவோம். எதிலிருந்து எது வெளியே போகிறது என்று ஒருநாளும் யோசித்திருக்க மாட்டோம்.

சோதித்துப் பார்க்க இரண்டு கேள்விகள். கணக்கு எழுதாமல், படம் மட்டும் போட்டுப் பதில் சொல்லுங்கள். ஒன்று: வெட் கிரைண்டர் பாத்திரம் ஓடும்போது அதன் அடித்தட்டின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு திசைவேகம் உண்டு. அந்தத் திசைவேகப் புலத்தின் டைவர்ஜென்ஸ் (ஒரு புள்ளியிலிருந்து எவ்வளவு ஊற்றெடுத்து வெளியே போகிறது) என்ன, கர்ல் (அங்கே எவ்வளவு சுழல்கிறது) என்ன? எந்த இடத்திலும் எதுவும் ஊற்றெடுக்கவில்லை, ஆகவே டைவர்ஜென்ஸ் பூஜ்யம். கர்ல் எல்லாப் புள்ளியிலும் ஒன்றே, கோணத் திசைவேகத்தைப் போல இரண்டு மடங்கு. விளிம்பில் மட்டும் அதிகம் என்று சொல்லியிருந்தால் ஓடு அங்கேதான் உடைந்திருக்கிறது.

இரண்டு: ஒரு புள்ளி மின்னூட்டத்தின் புலம் எல்லாப் பக்கமும் விரிந்து போகிறது. அதிலிருந்து ஒரு மீட்டர் தள்ளியுள்ள புள்ளியில் அதன் டைவர்ஜென்ஸ் எவ்வளவு? பார்த்தால் விரிகிற மாதிரிதான் இருக்கும், ஆனால் விடை பூஜ்யம். தூரத்தின் இருமடிக்கு ஏற்பப் புலம் குறைகிறது, கோளத்தின் பரப்போ தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. இரண்டும் சரியாக ஈடுகட்டிக்கொள்வதால் எந்தக் கோளத்தின் வழியாகவும் வெளியேறும் மொத்தப் பாயம் ஒன்றுதான். நடுவழியில் எதுவும் சேரவில்லை. சேர்ந்ததெல்லாம் மின்னூட்டம் இருக்கும் அந்த ஒரே புள்ளியில். இது உள்ளே இறங்கிவிட்டால் மேக்ஸ்வெலின் முதல் சமன்பாட்டைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

சரிசெய்ய மூன்று வாரம் போதும், இந்த வரிசையில். முதலில் பகுதி வகைக்கெழு. தமிழ்நாட்டு பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியிலேயே இருக்கிறது, வெட்கப்படாமல் எடுங்கள். அடுத்து இரட்டை, மும்மைத் தொகையீடு, உருளை மற்றும் கோள ஆயத்தொலைவுகளில். கோளத்தின் கன அளவையும் பரப்பையும் நீங்களே தொகையிட்டு எடுக்கும் வரை நகராதீர்கள். பிறகு கிரேடியண்ட், டைவர்ஜென்ஸ், கர்ல், கடைசியாக காஸ், ஸ்டோக்ஸ் தேற்றங்கள். தேற்றங்களின் முறையான நிரூபணம், விதவிதமான தகடுகளின் ஈர்ப்பு மையம், எல்லையை மாற்றித் தொகையிடும் ஜாலங்கள் எல்லாவற்றையும் இப்போதைக்கு ஒதுக்கிவிடுங்கள்.

இவ்வளவையும் முடித்துவிட்டுத்தான் மின்காந்தவியலைத் தொடுவேன் என்றும் இருக்க வேண்டாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் (குரோம்பேட்டை எம்.ஐ.டி. அல்ல) முதலாண்டு மாணவர்கள் வழக்கமாக முதல் பருவத்தில் 18.01 என்ற கால்குலஸோடு 8.01 என்ற இயந்திரவியலையும், அடுத்த பருவத்தில் 18.02 என்ற பலமாறிக் கால்குலஸோடு 8.02 என்ற மின்காந்தவியலையும் ஜோடியாகப் படிக்கிறார்கள். கணக்கு முன்னால் போகவில்லை, கூடவே போகிறது. இந்தப் பாடங்களின் வீடியோக்களும் கணக்குத் தாள்களும் இணையத்தில் இலவசம். அங்கே எதற்கு எது முன்தேவை என்று பாட எண்ணோடு போட்டிருப்பார்கள். வரிசை பற்றிக் குழப்பம் வரும்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

அறிகுறி: வகைக்கெழுச் சமன்பாடு கொடுத்தால் தீர்க்க முடிகிறது, இயற்பியலில் வந்தால் அடையாளம் தெரியவில்லை

ஒரு தாளில் மேலே சுருள்வில்லில் தொங்கி, எண்ணெயில் அமிழ்ந்து ஆடும் எடைக்குச் சமன்பாடு எழுதுங்கள். கீழே மின்நிலைமம், மின்தடை, மின்தேக்கி மூன்றும் தொடராக உள்ள சுற்றுக்கு எழுதுங்கள். இரண்டும் ஒரே சமன்பாடு என்று ஒரு நிமிடத்துக்குள் தெரிந்ததா? நிறையின் இடத்தில் மின்நிலைமம், எண்ணெயின் தடைக்கு மின்தடை, வில்லின் விறைப்புக்கு மின்தேக்குத்திறனின் தலைகீழ். ஒன்றைத் தீர்த்தால் மற்றதும் தீர்ந்தது.

தெரியவில்லை என்றால் காரணம் சோம்பல் இல்லை. அல்லைடு கணிதத்தில் சமன்பாடுகளை 'வடிவம் 1, வடிவம் 2' என்று வரிசைப்படுத்திக் கற்றுக்கொடுத்ததுதான் காரணம். கிளெய்ரோ வடிவத்தை நான் பரீட்சைத் தாளுக்கு வெளியே ஒருமுறைகூடப் பயன்படுத்தியதில்லை. பரீட்சைக்குப் படியுங்கள், இயற்பியலுக்கு என்று நினைத்துப் படிக்க வேண்டாம்.

இளங்கலை இயற்பியலின் பெரும்பகுதி மூன்றே வகையில் ஓடிவிடும். மாறிகளைப் பிரித்துத் தீர்க்கும் முதல் வரிசைச் சமன்பாடு ஒன்று: கதிரியக்கச் சிதைவு, மின்தேக்கி மின்னிறக்கம். ஒரு கால மாறிலி கழிந்ததும் சுமார் 37 சதவீதம் மிச்சம் இருக்கும் என்பது விரல்நுனியில் இருக்க வேண்டும். மாறிலிக் கெழுக்கள் கொண்ட இரண்டாம் வரிசைச் சமன்பாடு அடுத்தது. வெளிவிசை இல்லாமலும், வெளிவிசையோடும். ஒத்ததிர்வு முழுக்க இதற்குள் அடக்கம். மூன்றாவது, அலைச் சமன்பாடு போன்றவற்றை மாறிகளைப் பிரித்து உடைப்பது. இதை மின்காந்தவியல் நடக்கும்போதோ அலைகள் பாடத்திலோ கற்றுக்கொண்டால் போதும். முதல் இரண்டையும் மட்டும் அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

அறிகுறி: கலப்பெண் வந்தாலே பயம்

இங்கே இரண்டு பாடங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். அடுக்குக்குறியில் கற்பனைக் கோணத்தை வைத்தால் கோசைனும் சைனும் வரும் என்ற ஆய்லரின் தொடர்பு, கலப்பெண்ணைத் தளத்தில் சுழலும் அம்பாகப் பார்ப்பது, இவை முதலாண்டிலேயே தேவை. மாறுமின்னோட்டமும் அலைகளும் அது இல்லாமல் இரட்டிப்பு வேலை வாங்கும். பிளஸ் டூ பாடத்தின் மேல் ஒரு வாரம் உட்கார்ந்தால் கைக்கு வந்துவிடும்.

கலப்புச் சார்புகளின் பகுப்பாய்வு, அதாவது கோஷி தேற்றம், எச்சத்தை வைத்துத் தொகையிடுவது எல்லாம் வேறு பாடம். இளங்கலை இயற்பியலில் பெரும்பாலும் அது இல்லாமலே சமாளிக்கலாம். முதுகலைக்கு முன்னால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: வெப்ப இயக்கவியலில் அடைப்புக்குறிக்குக் கீழே ஒட்டியிருக்கும் அந்தக் குட்டி எழுத்து

எதை மாறாமல் பிடித்து வைத்திருக்கிறோம் என்று சொல்வதுதான் அந்த எழுத்து. ஒரே ஒரு கணக்கு. அழுத்தம், கன அளவு, வெப்பநிலை மூன்றும் ஒரு சமன்பாட்டால் கட்டப்பட்டவை. வெப்பநிலை மாறாமல் அழுத்தத்தைக் கன அளவால் வகையிடுங்கள். அழுத்தம் மாறாமல் கன அளவை வெப்பநிலையால். கன அளவு மாறாமல் வெப்பநிலையை அழுத்தத்தால். மூன்றையும் பெருக்கினால்? மேலும் கீழும் அடித்துவிட்டு ஒன்று என்றுதான் கை எழுதும். இலட்சிய வாயுச் சமன்பாட்டைப் போட்டுப் பாருங்கள், மைனஸ் ஒன்று வரும்.

அந்த மைனஸ் ஏன் என்று உங்களுக்கு நீங்களே விளக்கிக்கொள்ள முடிந்தால் மேக்ஸ்வெல் தொடர்புகளில் பயம் இருக்காது. முடியவில்லை என்றால் பகுதி வகைக்கெழுவுக்கு ஒரு வாரம். புதிய பாடமெல்லாம் வேண்டாம், 'எதைப் பிடித்து நிறுத்திவிட்டு எதை அசைக்கிறேன்' என்று ஒவ்வொரு வரியிலும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

அறிகுறி: குவாண்டத்தில் கணக்கு வருகிறது, என்ன செய்கிறோம் என்று தெரியவில்லை

ஆரம்பத்தில் சொன்ன தம்பியின் நோய். பெட்டிக்குள் துகள் கணக்கை முழுக்க எழுதுவான். 'ஆபரேட்டர்', 'ஐகன் சார்பு' என்ற சொற்களைச் சரியான இடத்தில் போடுவான். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டால் அமைதி.

அவனிடம் கேட்டது இதுதான். இரண்டு உறுப்புகள் கொண்ட ஒரு வெக்டரில் மேலே இருப்பதைக் கீழேயும் கீழே இருப்பதை மேலேயும் மாற்றிவைக்கும் அணி ஒன்று. அணிக்கோவை எழுதாமல் அதன் ஐகன் வெக்டர்களைச் சொல். அவன் பேனாவை எடுத்தான். பேனாவைப் பிடுங்கிக்கொண்டேன். இடம் மாற்றியும் மாறாமல் இருப்பது எது? இரண்டு உறுப்பும் ஒன்றாக இருப்பது. அதற்கு ஐகன் மதிப்பு ஒன்று. இடம் மாற்றினால் குறி மட்டும் திரும்புவது எது? ஒன்று கூட்டலாகவும் மற்றது கழித்தலாகவும் இருப்பது. மதிப்பு மைனஸ் ஒன்று. "இவ்வளவுதானா அண்ணா?" என்றான். இவ்வளவுதான். அந்த அணி, எலக்ட்ரானின் தற்சுழற்சியை (ஸ்பின்) விவரிக்கும் பவுலி அணிகளில் ஒன்று. அந்த இரண்டு மதிப்புகளும்தான் சோதனையில் கிடைக்கக்கூடிய விடைகள்.

அடுத்து, பெருக்கும் வரிசை. மேசையில் ஒரு புத்தகத்தை வைத்து, முதலில் செங்குத்து அச்சில் கால் சுற்று, பிறகு இடவலமாகப் போகும் அச்சில் கால் சுற்று திருப்புங்கள். மறுபடி முதல் நிலைக்குக் கொண்டுவந்து அதே இரண்டையும் வரிசை மாற்றிச் செய்யுங்கள். புத்தகம் வேறு நிலையில் நிற்கும். 1925-இல், குவாண்டம் இயந்திரவியலை உருவாக்கியவர்களில் ஒருவரான ஹைசன்பர்க்கைத் தொந்தரவு செய்தது இதே விஷயம். ஹே ஃபீவர் என்ற மகரந்த ஒவ்வாமைக்குத் தப்பி ஹெலிகோலாண்ட் தீவுக்குப் போன 23 வயது இளைஞர், தன் புதிய கணக்கில் பெருக்கும் வரிசையை மாற்றினால் விடை மாறுகிறதே என்று சங்கடப்பட்டார். அணிகள் என்ற ஒன்று கணிதத்தில் இருப்பது அப்போது அவருக்குப் பழக்கமில்லை. அவர் எழுதியதைப் படித்த மாக்ஸ் போர்ன்தான், மாணவப் பருவத்தில் படித்திருந்ததால், இது அணிப் பெருக்கல் என்று கண்டுகொண்டார். ஹைசன்பர்க்குக்கு ஒரு போர்ன் இருந்தார். நமக்கு அல்லைடு கணித நோட்டு இருக்கிறது, பரணிலிருந்து இறக்குங்கள்.

நான்கு வாரம் நேரியல் இயற்கணிதம். வெக்டர் வெளி, அடிப்படை வெக்டர்கள், உட்பெருக்கம், அடிப்படையை மாற்றுவது, சமச்சீர் அணிகளின் ஐகன் வெக்டர்கள் ஏன் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கின்றன என்பது. கெய்லி–ஹாமில்டன் தேற்றத்தை வைத்து நேர்மாறு அணி காணும் கணக்குகளைத் தொடவே வேண்டாம். கடைசி வாரத்தில் ஃபூரியர் தொடரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வெவ்வேறு சைன் அலைகளைப் பெருக்கித் தொகையிட்டால் பூஜ்யம் வருவதும், இரண்டு அம்புகளின் புள்ளிப் பெருக்கம் பூஜ்யமாவதும் ஒரே சங்கதி. அது பிடிபட்டால் சார்புகளும் வெக்டர்களே என்பது தானாகப் புரியும், பாதிக் குவாண்டம் அங்கேயே முடிந்தது.

நேரியல் இயற்கணிதம் நன்றாக இருந்தும் தடுமாறினால் விடுபட்டது அலைகள். வீணைத் தந்தியின் இரு முனையும் கட்டப்பட்டிருப்பதால் அதிர்வெண்கள் 1, 2, 3 என்ற விகிதத்தில் மட்டும் வரும். பெட்டிக்குள் துகளுக்கும் அதே கட்டுப்பாடுதான், ஆற்றல் மட்டும் 1, 4, 9 என்று போகும். தந்தியைப் படிக்காமல் பெட்டிக்குப் போனவர்களுக்கு ஆற்றல் மட்டங்கள் வானத்திலிருந்து விழுந்த மாதிரி இருக்கும். எம்.ஐ.டி.யில் குவாண்டத்தின் முதல் பாடமான 8.04-க்கு அலைகள் பாடமான 8.03-ஐயும், வகைக்கெழுச் சமன்பாடுகள் பாடமான 18.03-ஐயும் முன்தேவையாக வைத்திருப்பது இதனால்தான்.

அறிகுறி: ஹாமில்டனியன் என்ற சொல்லே குவாண்டத்தில்தான் முதன்முதலாகக் காதில் விழுகிறது

ஹாமில்டனியன் (பெரும்பாலும் மொத்த ஆற்றலைக் குறிக்கும் கோவை) லக்ராஞ்சின் இயந்திரவியல் வழியாக வருவது, அந்தப் பாடம் விடுபட்டிருக்கிறது. இரண்டு வாரம். தனி ஊசல், சாய்தளத்தில் உருளும் உருளை, இரட்டை ஊசல் மூன்றுக்கும் சமன்பாடு எழுதத் தெரிந்தால் திரும்பி வந்துவிடலாம்.

அறிகுறி: கருந்துளை வீடியோ பார்த்துவிட்டு முதலாண்டிலேயே டென்சர்

ஆசையைக் கெடுக்க மாட்டேன். ஆனால் ஐன்ஸ்டைனின் வரிசையைப் பாருங்கள். 1905-இல் சிறப்புச் சார்பியலை எழுத அவருக்குக் கால்குலஸும் மேக்ஸ்வெல் சமன்பாடுகளும் போதுமானதாக இருந்தன. பொதுச் சார்பியலுக்கு வந்தபோதுதான் வளைந்த வெளியின் வடிவியல், அதாவது டென்சர் கணக்கு, தேவைப்பட்டது. 1912-இல் சூரிச்சுக்குத் திரும்பி, உடன் படித்த கணிதப் பேராசிரியர் மார்செல் கிராஸ்மனிடம் உதவி கேட்டார். முடிக்க 1915 நவம்பர் ஆயிற்று. தேவை வந்த பிறகு கணக்கைத் தேடிப் போயிருக்கிறார்.

உங்களுக்கு வரிசை இப்படி: சிறப்புச் சார்பியல் இப்போதே படிக்கலாம், பிளஸ் டூ இயற்கணிதமே முக்கால்வாசிக்குப் போதும். பிறகு மின்காந்தவியல், லக்ராஞ்ச், அதற்கப்புறம் டென்சர். முதலாண்டில் டென்சரைத் திறந்தால் மேல் எழுத்து, கீழ் எழுத்துகளை நகர்த்தும் விளையாட்டாக மட்டுமே இருக்கும்.

அறிகுறி: ஒன்றரை வருடமாகக் கணிதம் மட்டும் படிக்கிறேன், இயற்பியலுக்கு இன்னும் 'தயாராகவில்லை'

இது நல்ல மாணவர்களுக்கு வரும் நோய். எப்சிலான்–டெல்டா, மெய்யெண் பகுப்பாய்வு, குலக் கோட்பாடு என்று கீழே கீழே போய்க்கொண்டே இருப்பார்கள். கேட்டால் "அடிப்படை ஸ்ட்ராங்கா இருக்கணும்ல."

வெப்பம் பரவுவதை விளக்க எந்தச் சார்பையும் சைன்களாக உடைக்கலாம் என்று ஃபூரியர் பாரிஸில் அறிக்கை கொடுத்தது 1807-இல். லக்ராஞ்ச் உள்ளிட்டவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தத் தொடர் எப்போது ஒருங்கும் என்று டிரிக்லே ஒழுங்காக நிரூபித்தது 1829-இல். 22 வருடம் வெப்பம் காத்துக்கொண்டிருக்கவில்லை. நிரூபணம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கணிதத்துக்கே போகப்போகிறவருக்கு மெய்யெண் பகுப்பாய்வுதான் சோறு. இயற்பியலுக்குப் போகிறவர் கால்குலஸைப் புழங்கிய பிறகு அதை எடுத்தால், எதற்காக இவ்வளவு ஜாக்கிரதை என்பது புரியும்.

மருந்து கசப்பானது: இன்றே ஓர் இயற்பியல் பாடத்தைத் திறந்து, முதல் 'க' வரும் வரை போங்கள். வந்தால்தான் கணிதப் புத்தகத்தைத் தொட அனுமதி.

அறிகுறி: கல்லூரியின் வரிசையே தலைகீழாக இருக்கிறது, என்ன செய்வது

மாற்ற முடியாது. பல கல்லூரிகளில் அல்லைடு கணிதம் முதலாண்டோடு முடிந்து, இரண்டாம் ஆண்டில் அல்லைடு வேதியியல் வந்துவிடும். கணக்கு மறந்துபோன பிறகுதான் அது தேவைப்படும் இயற்பியல் வரும். துறைத் தலைவரிடம் முறையிட்டுப் பார்த்திருக்கிறேன், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

உங்கள் கையில் இருப்பவை இரண்டு கோடை விடுமுறைகள். முதலாண்டு முடிந்ததும் வருவதில் மேலே சொன்ன மூன்று வார வெக்டர் கால்குலஸ், மிச்ச நாளில் இரண்டாம் வரிசை வகைக்கெழுச் சமன்பாடுகள். இரண்டாம் ஆண்டு முடிந்ததும் வருவதில் நான்கு வார நேரியல் இயற்கணிதம், இரண்டு வார லக்ராஞ்ச். ஐ.ஐ.டி. ஜாம் என்ற முதுகலை நுழைவுத் தேர்வு எழுதுகிறவர்கள் நிகழ்தகவுக்கும் சில நாள் ஒதுக்குங்கள், புள்ளியியல் இயற்பியலுக்கு அது இல்லாமல் முடியாது. பத்துக் காசுகளைச் சுண்டினால் சரியாக ஐந்து தலை விழ எத்தனை வழி என்று கேட்டால் 252 என்று எண்ணிச் சொல்லத் தெரிந்திருந்தால் தொடங்கப் போதும்.

செமஸ்டர் நடக்கும்போது சொந்தமாகப் படிப்பது ஒரு கணிதம், ஓர் இயற்பியல், அதற்கு மேல் வேண்டாம். மூன்றாவது பிளேலிஸ்ட்டை சேவ் செய்யக் கை போனால் போனை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.